இரண்டு கைப் பிடி

எல்டன் ரிங்கை இரண்டாவது முறை முதலிலிருந்து ஆரம்பித்தபோது மனைவி கேட்டாள்: "அதான் ஒருவாட்டி முடிச்சிட்டீங்களே, திரும்ப எதுக்கு?" நியாயமான கேள்வி. முதல் முறை முடிக்க எனக்கு ஏறத்தாழ எட்டு மாதம் ஆனது. செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு, ஷிஃப்ட் முடிந்து வந்து, குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணிநேரம் என்று சேர்த்த எட்டு மாதம். முடித்த படத்தை மறுபடி பார்ப்பார்கள், படித்த நாவலை மறுபடி படிப்பார்கள். ஆனால் ஒரு விளையாட்டு நம்மை நூற்றுக்கணக்கான முறை கொன்று, ஒவ்வொரு முறையும் 'செத்துவிட்டாய்' என்று திரை முழுக்க எழுதிக் காட்டியிருக்கும்போது அதற்குள் திரும்பிப் போவதற்கு ஏதாவது காரணம் வேண்டும்.

அவளிடம் "சும்மாதான்" என்றேன். அது பொய்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2022 பிப்ரவரி 25இல் வெளிவந்த விளையாட்டு இது. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தது, இயக்கியவர் ஹிதெதாக்கா மியாசாகி. அதன் உலகத்துக்கான பழங்கதையை எழுதியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். டீமன்ஸ் சோல்ஸ், டார்க் சோல்ஸ் என்று 2009இலிருந்து இவர்கள் செய்துவரும் வகையில் வந்தது. கடினமாக இருப்பதுதான் இவ்வகையின் பெயரே. எதிரியைக் கொன்றால் 'ரூன்' கிடைக்கும். அதைக் கொடுத்து நம் குணங்களில் ஒன்றை ஒவ்வொரு எண்ணாக உயர்த்திக்கொள்ளலாம். உயிர், மனம், தாங்கும் திறன், வலிமை, லாவகம், அறிவு, பக்தி, மறைபொருள் என்று எட்டு குணங்கள். செத்தால் கையிலிருந்த ரூன் முழுவதும் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். போகும் வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான்.

முதல் ஆட்டத்தில் நான் தேர்ந்தெடுத்தது அஸ்ட்ராலஜர், அதாவது சோதிடன். தொடக்க வலிமை 8, அறிவு 16. கையில் கோல். கோலை நீட்டினால் நீலக் கூழாங்கல் மாதிரி ஒன்று பறந்துபோய் எதிரியின் மேல் விழும். இரண்டாவது ஆட்டத்தில் எடுத்தவன் ஹீரோ. வலிமை 16, அறிவு வெறும் 7. கையில் கோடரி. முதலாமவன் தூரத்தில் நின்று கொல்பவன், இரண்டாமவனுக்குக் கிட்டே போகாமல் எதுவும் நடக்காது. என் காரணம் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

*

விளையாட்டின் தொடக்கத்தில் ஸ்டார்ம்வேல் கோட்டைப் பாலத்தில் மார்கிட் என்று ஒருவன் வழிமறிப்பான். கொம்பு முளைத்த கிழவன், கையில் தடி. இந்த விளையாட்டைப் பாதியில் விட்டவர்களில் நிறையப்பேர் இவனிடம்தான் விட்டிருப்பார்கள். சோதிடனாக நான் இவனை எப்படி ஜெயித்தேன் என்று சொல்கிறேன். மணியை அடித்து மூன்று ஓநாய் ஆவிகளை வரவழைத்தேன். பாலத்தின் அருகே தரையில் ஒளிரும் குறியைத் தொட்டால் ரோஜியர் என்ற மந்திரவாதி துணைக்கு வருவான், அவனையும் அழைத்தேன். மார்கிட் அந்த நால்வரையும் அடித்துக்கொண்டிருந்தான். நான் பாலத்தின் மறுமுனையில் நின்று நீலக் கல் எறிந்தேன். ஓநாய்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ரோஜியர் விழுந்தான். அதற்குள் மார்கிட்டும் விழுந்துவிட்டான். எனக்கு ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு எழுந்து நின்று கத்தினேன், குழந்தை விழித்துக்கொண்டது.

துணை அழைப்பது பேடித்தனம் என்று சொல்லும் ஆட்டக்காரர்கள் உண்டு. எனக்கு அந்தத் தூய்மைவாதத்தில் நம்பிக்கை இல்லை. உதவி கேட்க வெட்கப்படுகிறவன் ஷாப்ஃப்ளோரில் ஒருநாள் தாக்குப்பிடிக்க மாட்டான். 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தலில் உட்கார்ந்திருந்ததைப் பஸ்ஸில் போகும்போது தினம் பார்த்தவன் நான். வலிமை என்பது எத்தனை பேர் என்பதும்தான் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ஆகவே ஓநாய்களை அழைத்தது எனக்குப் பிரச்சினையில்லை. உறுத்தியது வேறு. அவை எனக்காக அடி வாங்கிக் கரையும்போது நான் அவற்றைப் பார்க்கவேயில்லை. என் கண் மார்கிட்டின் உயிர்க்கோட்டில் இருந்தது.

இது உறுத்தியதே சில வாரம் கழித்துத்தான். அதற்குக் காரணம் ஒரு பையன்.

*

வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர். பெயர் வேண்டாம், இந்தப் பக்கம் அப்படி ஏராளம். எங்கள் பிரஸ் ஷாப்பில் சில பழைய பவர் பிரஸ்கள் உண்டு. தகட்டை டையில் வைத்து, இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பட்டனையும் இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். ஏன் இரண்டு? ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையை உள்ளே விட்டுவிடக் கூடாது என்பதற்காக. மனிதன் அவசரக்காரன், அவன் கைகளை அவனிடமிருந்தே காப்பாற்ற வேண்டும் என்று யோசித்த யாரோ கண்டுபிடித்தது. புது மெஷின்களில் ஒரு பட்டனைக் கட்டிவைத்தால் மெஷின் ஓடாது. பழையதில் ஓடும்.

2022 மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு சி ஷிஃப்ட். விடியற்காலை நாலு மணி இருக்கும். மாடியில் கண்ணாடி கேபினில் இருந்து பார்க்கிறேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த டிரெய்னி பையன், பத்தொன்பது வயது இருக்கலாம், இடது பட்டனில் ரப்பர் துண்டைச் செருகி டேப் சுற்றிவிட்டு வலது கையால் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இடது கை பீஸை வைக்கிறது, எடுக்கிறது. வேகமாக, அழகாகக்கூட.

நான் கீழே இறங்கவில்லை. மொபைலில் ஜூம் பண்ணிப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டேன். 'சேஃப்டி வயலேஷன், உடனே மாற்றவும்' என்று ஒரு வரி. குழுவில் கான்ட்ராக்டரின் ஆளும் இருந்தார். காலையில் பையன் பஸ்ஸில் ஏறவில்லை, அவனை ரூமை விட்டே கிளப்பியிருந்தார்கள். லாக்கரில் ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் மட்டும் ரொம்ப நாள் கிடந்தது.

விதி என் பக்கம். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அந்த ரப்பர் துண்டு அங்கேயே இருந்திருந்தால் ஏதோ ஒரு நாலு மணிக்கு அவன் விரல்கள் போயிருக்கும். ஆனால் அந்த வாரம்தான் மணிக்கு இத்தனை ஸ்ட்ரோக் என்ற டார்கெட்டை உயர்த்தியிருந்தோம். உயர்த்தச் சொன்னது மேலே. போர்டில் சாக்பீஸால் எழுதியது நான். இரண்டு கையாலும் ஓட்டினால் அந்த எண் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

சில மாதம் கழித்து அவனை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேறு கம்பெனி சட்டை. அவன்தான் முதலில் பேசினான்: "சார், நல்லாருக்கீங்களா?" குரலில் கோபமே இல்லை. நான் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். போன் வரவில்லை.

அன்று இரவுதான் ஓநாய்கள் ஞாபகம் வந்தன.

*

சிமோன் வெய் என்று ஒரு பிரெஞ்சுப் பெண். தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரில் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தொழிற்சாலையில் கூலியாகச் சேர்ந்தாள். அல்ஸ்தோம், பிறகு ரெனோ என்று 1935 கோடை வரை. அவளும் பிரஸ் ஓட்டியவள்தான். பீஸ் கணக்குக்குக் கூலி, எண் வராத பயம், தலைவலி எல்லாம் அவள் நாட்குறிப்பில் உண்டு. சில வருடம் கழித்து, பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த நேரத்தில், இலியட் காவியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அந்தக் காவியத்தின் நாயகன் அக்கிலிஸ் அல்ல, வலிமைதான் நாயகன் என்பது அவள் வாதம். வலிமைக்கு ஆட்படுகிறவனை அது பொருளாக ஆக்கிவிடுகிறது. கொன்றால் பிணம் என்ற பொருள். கொல்லாமல் விட்டால் இன்னும் விசித்திரம், மூச்சுவிடும் பொருள். அதே வலிமை அதை வைத்திருப்பவனுக்குப் போதையேற்றுகிறது. எதிரில் ஒரு மனிதன் இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போகிறது. உண்மையில் யாரும் அதை வைத்திருப்பதில்லை, கடன் வாங்கியிருக்கிறார்கள் என்கிறாள்.

இதைப் படித்துவிட்டு வலிமையை உயர்த்தும் ஆட்டத்தைத் தொடங்குவது முரண்தான். ஆனால் வெய் சொல்வதைத் திரும்பத் திரும்ப யோசித்ததில் எனக்கு ஒரு இடத்தில் இடித்தது. அன்று கேபினில் எனக்குப் போதையேற்றியது வலிமையா, தூரமா? அக்கிலிஸ் காலடியில் பிரியம் வந்து விழும்போது, எவ்வளவு கொடூரம் இருந்தாலும், இருவரும் ஒரே கூடாரத்துக்குள் இருக்கிறார்கள். அக்கிலிஸ் அழக்கூடச் செய்கிறான். வாட்ஸாப் குழுவில் கூடாரம் இல்லை.

தூரத்திலிருந்து செய்யும்போது வலிமை வலிமையாகவே தெரிவதில்லை. 'தகவல் தெரிவித்தேன்' என்றுதான் எனக்கே தோன்றியது.

*

ஹீரோவின் ஆட்டம் வேறு மாதிரி. கேலிட் என்ற செந்நிற நிலத்தில், ஒரு வண்டியின் பின்னாலிருக்கும் பெட்டியில் 'கிரேட்ஸ்வார்ட்' கிடைக்கும். ஆள் உயர இரும்புப் பலகை மாதிரி இருக்கும் வாள். தூக்க வலிமை 31 வேண்டும், லாவகம் 12. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஆயுதத்தை இரண்டு கையாலும் பிடித்தால் உன் வலிமை ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். ஆகவே 21 இருந்தால் போதும். கேடயத்தைக் கீழே போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் விலை.

பெரிய வாளின் குணம், ஓங்கிவிட்டால் திரும்பப் பெற முடியாது. பட்டனை அழுத்திய பிறகு வாள் மேலே போய், கீழே வந்து, தரையில் மோதி, மறுபடி தோளுக்கு வரும்வரை ஆட்டக்காரன் கையில் எதுவுமில்லை. 'ஐயோ, அவன் அடிக்க வர்றான்' என்று நடுவில் மனம் மாறினால் பிரயோஜனமில்லை. அதற்கு ஈடாக ஒரு சலுகை: ஓங்கிக்கொண்டிருக்கும்போது எதிரி அடித்தால் வலி உண்டு, உயிர் குறையும், ஆனால் உன் வீச்சு நிற்காது. சின்ன ஆயுதக்காரன் அடி வாங்கினால் தடுமாறுவான். இவன் வாங்கிக்கொண்டே முடிப்பான்.

வலிமை என்றால் நிறைய அடிப்பது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இங்கே அது அடி வாங்கிக்கொண்டே தொடங்கியதை முடிப்பதாக இருக்கிறது. தொடங்கும் முன் நிறைய நேரம் சும்மா நிற்பதாகவும் இருக்கிறது. மார்கிட்டின் தந்திரமே அதுதான். தடியை ஓங்குவான், அடிக்க மாட்டான். அப்படியே நிற்பான். நாம் பயத்தில் உருண்டுவிடுவோம். உருண்டு எழும் இடத்தில் அடி விழும். காயத்துக்கு மருந்து குடிக்கலாம் என்று குப்பியை எடுத்தால் அந்த நொடியில் பொன்கத்தியை எறிவான். அவன் நம் பதற்றத்தைத்தான் படிக்கிறான். திருக்குறளில் வலியறிதலுக்கு அடுத்த அதிகாரமாகக் காலமறிதலை வைத்திருப்பதைப் பள்ளியில் வரிசை எண்ணாக மட்டும் மனப்பாடம் செய்தேன். 48, 49. அந்த வரிசையின் அர்த்தம் மார்கிட்டிடம் முப்பது தடவை செத்த பிறகுதான் விளங்கியது.

இந்த முறை ஓநாய் இல்லை, ரோஜியர் இல்லை. கொள்கைக்காக அழைக்காமல் விடவில்லை. யார் அடி வாங்குகிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். நான்தான் வாங்கினேன்.

*

ஆனால் இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் எனக்கு விடை தெரியும். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறான், எந்தப் பாலம் இடியும், எந்தப் பெட்டியில் வாள். ஹீரோவின் அறிவு 7, அவனை இயக்குபவனின் அறிவு எட்டு மாதத்தது. தெரிந்தே நுழைவது துணிச்சலில் சேருமா?

கீர்க்ககார்ட் 1843இல் 'மீள்நிகழ்வு' பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அதன் கதைசொல்லி, முன்பு சந்தோஷமாக இருந்த பெர்லினுக்கு மறுபடி போகிறான், மீள்நிகழ்வு சாத்தியமா என்று சோதிக்க. அதே விடுதி, அதே நாடக அரங்கு. எதுவும் திரும்ப வரவில்லை. அவன் எதிர்பார்த்தது இன்பம். நான் எதிர்பார்த்தது வேறு, பழைய பிழையைச் சரிசெய்யும் வாய்ப்பு. அதுவும் அப்படித் திரும்ப வருமா என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி எல்லோர் வீட்டிலும் உண்டு. ஏரிக்கரையில் இருப்பவர்கள் நாங்கள். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1 இரவு ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். கரையில் நின்ற எங்களுக்குக் கேட்டது தண்ணீரின் இரைச்சல் மட்டும். அது போய் இறங்கியது அனகாபுத்தூரிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும். அங்கே இருந்தவர்கள் ஏரியைப் பார்க்கவில்லை. இங்கே ஷட்டரைத் தூக்கியவர்கள் அவர்கள் வீட்டு மொட்டைமாடியைப் பார்க்கவில்லை. யார் யாருடைய உத்தரவுக்குக் காத்திருந்தார்கள் என்ற சண்டை பல வருடம் ஓடியது. டீக்கடையில் இன்றைக்கும் யாராவது ஆரம்பிப்பார்கள்: "நவம்பர் கடைசியிலயே கொஞ்சம் கொஞ்சமா விட்டுருக்கலாம்பா." பத்து வருடமாக அந்த ஒரு வாரத்தை ஊரே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறது.

2020 நவம்பர் 25, நிவர் புயல். அன்று ஏரி 22 அடியைத் தொட்டதும், நிரம்பக் காத்திராமல், பகலிலேயே 1,000 கன அடி திறந்தார்கள். நானும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். நல்ல கூட்டம். ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றிருந்தவரிடம், "இப்ப தெரியுது பாரு இவங்களுக்கு" என்றார். எரிச்சலா பாராட்டா என்று குரலில் பிடிபடவில்லை. இரண்டாவது முறை சரியாகச் செய்பவனுக்கு முழுப் பாராட்டுக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் தெரிந்தும் செய்யாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று டார்கெட் எழுதிய கைக்குத் தெரியும். விடை தெரிந்தவனுக்குத் துணிச்சல் தேவையில்லை என்பது சரியில்லை என்றே இப்போது நினைக்கிறேன். மார்கிட் எப்போது அடிப்பான் என்று எனக்கு மனப்பாடம். அப்படியும் தடி மேலே நிற்கும்போது உருளாமல் நிற்க விரல் நடுங்குகிறது.

*

2024இல் அதே மாதிரி ஒரு இரவு வந்தது. அதே பழைய மெஷின். வேறு பையன், வேறு டேப். இந்த முறை கேபினிலிருந்து இறங்கிப் போனேன். படிக்கட்டில் இறங்கும்போதே, நம்பினால் நம்புங்கள், பெரிய வாள் ஞாபகம்தான்: தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது.

"தம்பி, மெஷினை நிறுத்து."

நிறுத்தினான். டேப்பை நானே பிரித்தேன். பையன் என் முகத்தைப் பார்க்காமல் என் கழுத்து ஐடி கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கை போயிடும்டா" என்றேன். "எண்ணிக்கை வரல சார்" என்றான். "வரலன்னா வரலன்னு எழுது. நான் பாத்துக்கறேன்." அந்த ஷிஃப்ட் எண் குறைந்தது. காலை மீட்டிங்கில் ஏன் என்றார்கள், டார்கெட் தப்பு என்றேன். வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டேன். தடுமாறவில்லை என்று சொல்ல ஆசைதான், தடுமாறினேன். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். பட்டனைக் கட்டினால் மெஷின் ஓடாதபடி ரிலே மாற்றித்தர வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அதே பையன், அதே பட்டனில் டேப்.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. நான் அவனுக்காக அடி வாங்கியிருக்கிறேன், இவன் இப்படிச் செய்கிறானே என்ற கோபம். அந்த நிமிடம் போனை எடுத்திருந்தால் முதல் ஆட்டமே திரும்ப நடந்திருக்கும். எடுக்கவில்லை, ஆனால் கத்தினேன். எல்லோர் முன்னாலும். அவனைப் பேக்கிங் மேஜைக்கு மாற்றினேன். "நான் என்ன சார் பண்ணேன்? எல்லாரும்தான் பண்றாங்க" என்றான். அடுத்த மாதம் சொல்லாமல் நின்றுவிட்டான்.

கிட்டே போனதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. கிட்டே போனவனுக்கும் வெய் சொன்ன போதை உண்டு. இன்னும் சூடாக, நன்றி எதிர்பார்க்கும் போதை. முதல் பையன் எனக்கு ஒரு புகைப்படமாக இருந்தான். இரண்டாமவன் என் நல்ல மனசுக்குச் சாட்சியாக இருக்க வேண்டியிருந்தது. இரண்டில் எது மோசம் என்று என்னால் இன்னும் முடிவுகட்ட முடியவில்லை. ஆனால் இரண்டாமவனின் முகம் எனக்குத் தெரியும், அவனுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு. முதல் பையனின் முகம் பஸ் ஸ்டாண்டில் அவனே பேசியிருக்காவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

எல்டன் ரிங்கை இரண்டாவது முறை முடித்தது போன மாதம். மனைவி "இனிமேலாவது தூங்குவீங்களா" என்றாள்.

ரிலே இன்னும் வரவில்லை, பர்ச்சேஸில் இருக்கிறது. போன வாரம் சி ஷிஃப்டில் ஒரு ஆள் குறைந்தது. அந்த மெஷினில் நானே உட்கார்ந்தேன். தகட்டை வை, இரண்டு கையும் விரித்து இரண்டு பட்டனும் அழுத்து, கையைக் கொண்டுவந்து பீஸை எடு, மறுபடி வை. போர்டில் என் கையெழுத்தில் எண். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அரைமணிநேரத்தில் தோள்பட்டை இறங்கியது. நாற்பது நிமிடம் இருக்கும், மூன்றே முக்கால் மணி, இடது கை பட்டனை விட்டு என் பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. எதைத் தேடுகிறது என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை. டேப்.